பதினான்காவது ஆள்

"பாலத்தைத் தூக்கப் போறாளாம், பாலத்தை! வீட்டுல அரிசி மூட்டையை நகர்த்த ஆள் கூப்பிடுறவ!" என்று சொல்லிவிட்டுப் போன வாரம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போன வெல்டர், அதன் பிறகு மூன்று நாளாக மனைவியிடம் வாய் திறக்கவில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் புதிதல்ல. கப்பல் பட்டறையை இழுத்து மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அதிலிருந்தே அவர் பேச்சில் பாதியும் மூடித்தான் கிடக்கிறது.

கதையை இன்றைக்குத்தான் கையில் எடுக்கிறவர்களுக்காக நாலு வரி. அந்த மனைவி ஒரு பெரிய கடையில் பதினெட்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்து பில் போட்டவள். தானே பில் போடும் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நாளையிலிருந்து வர வேண்டாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். கல்லா போனாலும் பேர் போகவில்லை. வீட்டிலும் தெருவிலும் அவள் இன்னும் கல்லாதான்.

வேலை இல்லாதவர்களுக்காக அரசாங்கம் அந்த மண்டலம் முழுக்க நடத்தும் திட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் பேர் கொடுத்தார்கள். பதினோராவது நாள், திட்டத்து அலுவலகத்தில் நடந்த வகுப்பில், முதலாளி வேஷம் போட்டு நேர்காணல் பழக்கிய ஓர் இளைஞன், "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று வெல்டரைக் கேட்டுவிட்டான். அது பாடத்தில் இருக்கிற கேள்வி. இருபத்தொரு வருஷம் இரும்போடு குடும்பம் நடத்திய மனுஷனிடம் கேட்கிற கேள்வியா? நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தவர், அந்தப் படியை இனி மிதிப்பதில்லை என்று வந்துவிட்டார்.

கல்லா மிதித்தாள். மூன்று மாசம் வகுப்பு, ஆறு மாசம் பயிற்சி. ஆற்றுமுகத்தில் கப்பல் வரும்போது பிளந்து எழுந்து வழிவிடுகிற பாலம் ஒன்று இருக்கிறதே, அதை இயக்கும் கூண்டில். இன்றைக்குத் தேர்வு. தேறினால் நிலையான வேலை, ஓய்வு பெறும் வரை. தவறினால் வயது வரம்பு தாண்டிவிடும். திட்டத்தில் அவளுக்கு இன்னொரு தடவை இடம் கிடையாது.

காலையில் கொழுந்தன் வந்து நின்றான். டவுன் பஸ் ஓட்டுகிறவன். காக்கிச் சட்டையை மாட்டினால் வாய் சும்மா இருக்காது.

"அண்ணி, டூட்டி எனக்கு அந்த ரூட்டுதான். பத்தே முக்காலுக்குப் பாலத்துக்கிட்ட வருவேன். நீங்க கேட்டை மூடினா முதல் வண்டி நம்ம வண்டியாத்தான் இருக்கும்."

"பயணிகள் திட்டப் போறாங்கடா."

"திட்டட்டும். எங்க அண்ணி தூக்குறாங்க, எல்லாரும் எறங்கி நின்னு பாருங்கன்னு சொல்லிடுவேன்."

வெல்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரமாக ஒரே பக்கம்.

"அண்ணே, நீயும் வாயேன். டிக்கெட் நான் எடுக்கிறேன்."

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார் வெல்டர். கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வி எங்கே போய்க் குத்துகிறது என்பது அவருக்கே உறைத்தது. பேப்பரை இன்னும் உயர்த்திக்கொண்டார்.

கல்லா அவர் பக்கத்தில் டீயை வைத்தாள். "வரேங்க" என்றாள். பேப்பர் இறங்கவில்லை. ஒரு 'ம்' கூட இல்லை. செருப்பை மாட்டும்போது அவள் கண்ணில் நீர் முட்டியது. தேர்வு நாளில் அழக் கூடாது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு இறங்கினாள்.

*

கூண்டுக்கு அறுபத்திரண்டு படி. நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் கடல்வாய், காலுக்குக் கீழே சாலை. மேஜையில் நாலு கேமராத் திரை, வயர்லெஸ், பொத்தான் பலகை, தடித்த நோட்டு ஒன்று.

ஆறு மாசமாக ஏறுகிறாள். இன்னமும் கடைசிப் படியில் கால் வைத்தவுடன் ஒரு கணம் மூச்சு நின்றுதான் போகிறது. இவ்வளவு பெரிய இடத்தில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களே என்கிற திகைப்பு. கடையில் அவள் நாற்காலிக்கு முதுகு சாய்க்கும் பலகை கூடக் கிடையாது.

அவளுக்குப் பழக்கிக் கொடுத்தது குருவி. வயது இருபத்தேழு, ஆள் கையளவு, குரல் மட்டும் கப்பல் சங்குக்குப் போட்டி. இன்றைக்குக் குருவி வாயைத் திறக்கக் கூடாது. ஓரமாக நின்று கண்ணாலேயே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வு நடத்த இரண்டு பேர். ஒருவர் துறைமுக அதிகாரி, தடித்த கண்ணாடி, கையில் கடிகாரம். இன்னொருவர் திட்டத்து ஆள். சேர்ந்த நாளிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் போன் செய்து, "எப்படிம்மா போகுது? கைவிடலையே?" என்று கேட்பவர். அவளைப் போல நாற்பது பேரைக் கேட்கிறார். வேலை வாங்கிக் கொடுப்பது பெரிசில்லை, அதில் ஆளை நிற்க வைப்பதுதான் பெரிசு என்பது அவருடைய பாட்டு. வீட்டில் அவருக்கு வெள்ளிக்கிழமைக்காரர் என்று பேர்.

"விதி தெரியுமில்ல?" என்றார் கண்ணாடிக்காரர். "கேட் மூடி, கேமராவுல பாலம் காலின்னு தெரிஞ்சதும் மூணு நிமிஷத்துக்குள்ள தூக்க ஆரம்பிக்கணும். கப்பலுக்கு பிரேக் கிடையாது. காரணமில்லாத தாமதம்னா நான் எழுதிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"தெரியும் சார்."

பத்தரைக்கு மேல் தானியக் கப்பல் ஒன்று ஆற்றின் வளைவில் தலைகாட்டியது. கல்லா கை துடைத்துக்கொண்டாள். மஞ்சள் விளக்கு. மணி. வண்டிகள் வடிந்தன. நுழைகிற பக்கத்து கேட்டுகள் இரண்டு முனையிலும் இறங்கின. அந்தக் கரையில் முதலாவதாக ஒரு பஸ் வந்து நின்று, செல்லமாக ஒரு ஹாரன் கொடுத்தது. கொழுந்தன்தான். சொன்னபடி செய்துவிட்டான்.

இனி நடைபாதையில் இருப்பவர்கள் இறங்க வேண்டும். அவள் கட்டைவிரல் தன்பாட்டில் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இது எந்த விதியிலும் இல்லை. கடை சாத்துகிற நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே எத்தனை பேர், பில் போட்டுப் போனது எத்தனை பேர் என்று பதினெட்டு வருஷம் எண்ணிய விரல். ஒருமுறை உடை மாற்றும் அறையில் தூங்கிப்போன ஒருவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத் திரும்பி ஓடிவந்ததிலிருந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். "அக்கா, இது கடை இல்ல, கேமரா இருக்கு" என்று குருவி எத்தனையோ தடவை கிண்டல் செய்திருக்கிறாள்.

இறங்கி முடிந்தது. நாலு திரையிலும் பாலம் துடைத்துவிட்ட தரையாகக் கிடந்தது. கண்ணாடிக்காரர் கடிகாரத்தை அமுக்கினார்.

கல்லா கையைப் பொத்தானுக்குக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது.

பதினான்கு பேர் உள்ளே. பதிமூன்று பேர் வெளியே.

"அக்கா?" குருவிக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக்காரர் முறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மறுபடி மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். பள்ளிக்கூடப் பைகளோடு இரண்டு பெண்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒருவர். கைக்குழந்தைக்காரி. குழந்தையைச் சேர்த்து எண்ணிவிட்டோமோ? இல்லை, கைக்குழந்தைக்குப் பில் கிடையாது. மீன்கூடை இருவர், குடைக்காரர், சிரித்துக்கொண்டே வந்த நாலு இளைஞர்கள், தபால்காரர், வெள்ளைத் தொப்பி... பதிமூன்று. அப்புறம் நீலத் தொப்பி ஒருவர், தலை குனிந்து, ஓரமாக. உள்ளே வந்தது ஞாபகம் இருக்கிறது. வெளியே போனது இல்லை.

"ஒரு நிமிஷம் ஆச்சும்மா."

"சார், பாலத்துல ஒருத்தர் இருக்காங்க."

கண்ணாடிக்காரர் நாலு திரையையும் குனிந்து பார்த்தார். "எங்க?"

"தெரியல சார். பதினாலு பேரு ஏறினாங்க. பதிமூணு பேருதான் எறங்கினாங்க."

"எண்ணச் சொல்லி யார் சொன்னா?"

"யாரும் சொல்லல சார். பழக்கம்."

அவர் வெள்ளிக்கிழமைக்காரரைப் பார்த்தார். அந்தப் பார்வையில், 'இதுக்குத்தான் ஒன்பது மாசம் ஜனங்க பணத்துல படிக்க வச்சீங்களா?' என்பது எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி தெரிந்தது. கப்பல் சங்கு ஊதியது. கூண்டின் கண்ணாடி அதிர்ந்தது.

தூக்கினால் வேலை. தூக்காமல் நின்று, பாலம் உண்மையிலேயே காலியாக இருந்துவிட்டால், ஒன்பது மாசமும் போச்சு. சமையலறையில் வாடகைச் சீட்டு தொங்குகிற ஆணி கூட ஒரு கணம் கண்ணில் தெரிந்தது. விரல் மட்டும் பதினான்காம் கணுவை விட்டு நகரமாட்டேன் என்றது.

மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. கப்பலை நிறுத்தும் விளக்கு. ஆறு மாசத்தில் யாரும் அதைத் தொட்டு அவள் பார்த்ததில்லை. மூடியைத் தூக்கினாள். அமுக்கினாள்.

ஆற்றில் சிவப்பு எரிந்தது. வயர்லெஸ்ஸில் ஒரு குரல் என்ன ஏது என்று இரைந்தது. "பாலத்துல ஆள். நிறுத்துங்க" என்றாள். பிறகு நடந்ததை அவளால் நம்ப முடியவில்லை. அந்த மலை போன்ற கப்பலின் பின்னால் தண்ணீர் வெள்ளையாகப் பொங்கியது. இழுவைப் படகுகள் இரண்டு பக்கமும் கயிறு விறைக்கப் பின்வாங்கின. மெல்ல, மெல்ல, நாற்பதாயிரம் டன் கோதுமை அவள் பேச்சைக் கேட்டு நின்றது. கல்லாவில் உட்கார்ந்த காலத்தில், "கொஞ்சம் இருங்க சார்" என்றால் ஒரு பாக்கெட் பிஸ்கட்காரர் கூட நின்றதில்லை.

ஒலிபெருக்கியை எடுத்தாள். பதற்றத்தில் பழைய வாய் முந்திக்கொண்டது. "வாடிக்கையாளர்கள் கவனத்துக்கு..." என்று தொடங்கிவிட்டு நாக்கைக் கடித்தாள். "பாலத்துல ஒருத்தர் நிக்கிறீங்க. உங்களை யாரும் திட்டமாட்டாங்க. தயவுசெஞ்சு வெளிய வாங்க."

யாரும் வரவில்லை.

"அஞ்சு நிமிஷம்" என்றார் கண்ணாடிக்காரர்.

கல்லா கேட் காவலாளியை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு நடந்து பார்க்கச் சொன்னாள். முன்பெல்லாம் ஒவ்வொரு தடவையும் அவர் நடந்துதான் பார்ப்பார்; கேமரா வந்த பிறகு அந்த நடை நின்றுவிட்டது. திரையில் அவர் சாவகாசமாக நடந்து வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். நடுவிலிருந்த அகலமான இரும்புத் தூணைத் தாண்டினார். தாண்டியவர் நின்றார். திரும்பினார். தூணுக்குப் பின்னால் கையை நீட்டி ஓர் ஆளை வெளியே இழுத்தார்.

நீலத் தொப்பி.

குருவி துள்ளிக் குதித்தாள். வெள்ளிக்கிழமைக்காரர் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார். கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, கல்லாவை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தார்.

"அம்மா," என்றார் மெதுவாக, "நீங்க தூக்கியிருந்தா..."

கல்லா அதைக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆளின் வலது தோள் இடதை விட ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. இருபத்தொரு வருஷம் குனிந்து பற்றவைத்த தோள்.

அதே நேரம் காவலாளியின் வயர்லெஸ் வழியாக, பஸ்ஸிலிருந்து ஒருவன் போட்ட சத்தம் கூண்டு முழுக்கக் கேட்டது.

"அண்ணே! நீ அங்க என்னண்ணே பண்றே?"

*

"யாருன்னு தெரியுமா?" என்றார் கண்ணாடிக்காரர்.

குருவி கண்ணால் கெஞ்சினாள். தெரியாதுன்னு சொல்லுங்கக்கா. காவலாளி அந்தப் பக்கமாக அழைத்துக்கொண்டு போய் விட்டுவிடுவார். யாருக்குத் தெரியப் போகிறது?

"என் வீட்டுக்காரர் சார்."

கண்ணாடிக்காரர் முகத்தில் வந்த மரியாதை வந்த வழியே திரும்பிப் போனது. "ஓஹோ" என்றார். "கேமராவுக்குத் தெரியாத இடம் எதுன்னு உங்களுக்குத் தெரியும். சரியா அந்த இடத்துல உங்க வீட்டுக்காரர். சரியா உங்க கணக்குல மட்டும் ஒரு ஆள் குறையுது. தேர்வு அன்னிக்கு."

"சார், சத்தியமா..."

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. கேக்குறவங்க சொல்லுவாங்க."

முழுப் பூசணிக்காயை யாரும் சோற்றில் மறைக்கவில்லை. ஆனால் மறைத்ததாகச் சொன்னால் உலகமே நம்பும் போலிருந்தது. போன மாசம் ஒரு நாள் அவள் கொழுந்தனுக்குக் காலண்டர் தாளின் பின்னால் பாலத்தை வரைந்து, கேமரா எங்கே பார்க்கும், எங்கே பார்க்காது என்றெல்லாம் விளக்கியது உண்மை. வெல்டர் அப்போதும் பேப்பர் படித்துக்கொண்டுதான் இருந்தார். காதை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது.

அறுபத்திரண்டு படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார் வெல்டர். தொப்பி கையில் கசங்கியது. மனைவியைப் பார்க்கவில்லை.

"எதுக்கு அங்க நின்னீங்க?" என்றார் கண்ணாடிக்காரர்.

"சும்மா... காத்து வாங்க வந்தேன்."

"தூணுக்குப் பின்னாடியா? மணி அடிச்சது, ஒலிபெருக்கியில கூப்பிட்டது, எதுவும் காதுல விழலையா?"

"அந்த இடம் அசையாதுன்னு நெனச்சேன். கான்கிரீட்ல ஊன்றின தூண். இரும்பைப் பார்த்தா எனக்குத் தெரியும்."

"அது கான்கிரீட்ல இல்லைங்க" என்றாள் குருவி. "பாலத்தோட சேர்ந்து எழும்பும்."

வெல்டர் கண்ணாடி வழியாக அந்தத் தூணைத் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைக்காரர் இறங்கிய குரலில் சொன்னார்: "ஐயா, காரணத்தை மட்டும் நேராச் சொல்லிடுங்க. காத்து வாங்க வந்தேன்னு சொன்னா, பேசி வச்சுக்கிட்டு செஞ்சதுன்னுதான் எழுதுவாங்க. இவங்க வேலை போயிடும்."

சொல்லுங்களேன் என்று கல்லா அவர் முகத்தையே பார்த்தாள். மூன்று நாளாக 'ம்' சொல்லாத மனுஷன் மூன்று அந்நியர்கள் முன்னால் என்ன சொல்லிவிடப் போகிறார்? கோபம் வந்தது. வரமாட்டேன் என்றவர் வராமலே இருந்திருக்கலாம். கோபத்துக்கு அடியில், வந்திருக்கிறாரே என்று இன்னொன்று பொங்கி வந்தது. அதை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கப்பல் மறுபடி ஊதியது.

"முதல்ல தூக்குங்கம்மா" என்றார் கண்ணாடிக்காரர். "கப்பல் போகட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

அவள் உட்கார்ந்தாள். முதுகை நிமிர்த்தினாள். வெளியேறும் கேட்டுகளை இறக்கினாள். பூட்டுகளை விடுவித்தாள், எங்கோ அடியில் இரண்டு பெரிய நாக்குகள் உள்ளே இழுத்துக்கொள்கிற சத்தம். பிறகு பச்சைப் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் எதுவுமே நடக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான், எதுவுமே நடக்காத மாதிரி ஒரு கணம். பிறகு சாலையின் நடுவில் முடி அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. அது கோடாயிற்று. கோடு பிளவாயிற்று. பஸ்ஸும் லாரியும் தினமும் தடதடக்கிற அந்தச் சாலை, வெள்ளைக் கோடும் விளக்குக் கம்பமும் கைப்பிடிச் சுவருமாக, தூங்கி எழுகிறவர் நிதானத்தில் எழுந்தது.

சத்தம் இல்லை. அதுதான் ஆச்சரியம். ஆயிரம் டன் எழும்பும்போது உலகம் அலற வேண்டாமா? ஒரு பஸ் எஞ்சின் அளவுக்குத்தான் மோட்டார் என்று குருவி முதல் நாள் சொன்னபோது கல்லா நம்பவில்லை. சாலைக்குச் சரி எடையில் ஒரு கல் பின்னால் பூமிக்குள் இறங்குகிறது. ஒன்று தாழ்ந்து கொடுப்பதால் இன்னொன்று எழுகிறது. மோட்டார் வெறுமனே தொட்டுவிடுகிறது. இதைக் கேட்ட பிறகு இரண்டு நாள் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படியெல்லாம் யோசித்து மனுஷர்கள் செய்து வைத்திருக்கிறார்களே, அதைத் தொட நம் கையை விட்டிருக்கிறார்களே என்று.

அக்கரையில் கொழுந்தன் சொன்னபடியே பயணிகளை இறக்கிவிட்டிருந்தான். அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்து நின்றார்கள். திட்டுகிறவர்கள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

வெல்டரும் பார்த்தார். அவர் ஒளிந்து நின்ற தூண் சாலையோடு சேர்ந்து எழுந்தது, சாய்ந்தது, வானத்தின் குறுக்கே படுத்துக்கொண்டது. அவர் கால் வைத்திருந்த இடத்தில் இப்போது தரையே இல்லை. வெறும் காற்று, அதற்கு வெகு கீழே பச்சைத் தண்ணீர். இரண்டு கையாலும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கப்பல் வந்தது. ஜன்னலை அடைத்துக்கொண்டு, ஒரு தெரு நீளத்துக்கு இரும்புச் சுவர், அதில் பற்றவைத்த கோடுகள் ஒவ்வொன்றாகக் கண்ணெதிரே நகர்ந்தன. அவர் உதடு எதையோ முணுமுணுத்தது. மேல்தட்டில் ஒரு மாலுமி கூண்டைப் பார்த்துக் கையசைத்தான். கல்லா கையசைக்கவில்லை, அவள் கண் பொத்தான் பலகையை விட்டு அசையவில்லை. அவளை அப்படி வெல்டர் பார்த்ததே இல்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவை கூட அவள் வேலை செய்கிற இடத்துக்கு அவர் போனதில்லை.

பாலம் இறங்கிப் படிந்தது. பூட்டுகள் விழுந்தன. கேட்டுகள் எழுந்தன. முதல் பஸ் நீண்ட ஹாரன் ஒன்றைப் போட்டபடி நகர்ந்தது. அவள் நோட்டை எடுத்து நேரத்தை எழுதினாள். தாமதம்: பத்தொன்பது நிமிஷம். காரணம் என்ற கட்டத்தில், 'பாலத்தில் ஒருவர் இருந்தார்' என்று எழுதினாள். உறவு என்று ஒரு கட்டம் அந்த நோட்டில் இல்லை. அவளாகவே ஓரத்தில், 'என் கணவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பேனாவை மேஜையில் வைத்தாள்.

"ஒளிஞ்சுதான் நின்னேன்."

வெல்டர்தான். ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"இவ கண்ணுல படக் கூடாதுன்னு. வரமாட்டேன்னு வீட்டுல சவடால் விட்டுட்டேன். பாக்காம இருக்கவும் முடியல. மணி அடிச்சதும் எறங்கியிருக்கணும். எறங்கினா கேமராவுல தெரிவேன். தெரிஞ்சா, 'வந்துட்டீங்களா'ன்னு கேப்பா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பினார். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவ மேல எதுவும் எழுதிடாதீங்க."

கல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பொத்தான்களெல்லாம் கலங்கித் தெரிந்தன.

கண்ணாடிக்காரர் வெகு நேரம் பேனாவை உருட்டினார். "நான் நம்புறேன்" என்றார் கடைசியில். "ஆனா நான் நம்பினா போதாது. இவங்க சொந்தக்காரர்னு நோட்டுல ஏறிடுச்சு. விசாரணை இல்லாம நிலையான வேலைக்கு உத்தரவு போட முடியாது. திட்டத்து அலுவலகத்துல அஞ்சு பேர் குழு உட்காரும். இப்ப சொன்னதை, ஒரு வார்த்தை மாறாம, அவங்க முன்னாடி சொல்லணும். எழுதிக்குவாங்க. கையெழுத்துப் போடணும்."

"அவர் வரலைன்னா?" என்றாள் குருவி.

"வரலைன்னா, தேர்வு ரத்து."

வெள்ளிக்கிழமைக்காரர் தரையைப் பார்த்தார். அந்த அலுவலகத்துப் படியிலிருந்து இந்த மனுஷன் எப்படி இறங்கிப் போனார் என்பது அவருக்குத் தெரியும். கல்லாவுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவள் கேட்கவில்லை. கெஞ்சவும் இல்லை. கேட்டு வாங்குகிற விஷயமில்லை இது என்று நோட்டை மூடி வைத்தாள்.

வெல்டர் கசங்கிய தொப்பியை நீவி நீவி நேராக்கினார்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்றார்.